பன்னிரண்டு பைட்

விரகனூர் மதகணையில் நாங்கள் பொருத்திய கருவி
எட்டு மாதம் சரியாகவே சொன்னது:
நீர்மட்டம் பூஜ்ஜியம்.
பூஜ்ஜியம்.
பூஜ்ஜியம்.
வைகையில் மணல் கிடந்தது,
சீமைக்கருவேலம் நின்றது,
ஒரு லாரி திரும்பிப்போன தடம் இருந்தது.
யாருக்குச் சந்தேகம் வரும்?

பேட்டரியும் பூஜ்ஜியம் என்றது.
அதை மட்டும் நாங்கள் நம்பவில்லை.
லஸ்கர் ஒச்சுக்காளை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார்.
மூன்றாம் தடவை கேட்டார்:
"செத்த பேட்டரியா சார்
இத்தன நாளாப் பேசிக்கிட்டிருக்கு?"
நான் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

சித்திரையில் அணையைத் திறந்தார்கள்.
அழகருக்கு விட்ட தண்ணீர்
ஊரின் ஒற்றைச் செருப்புகளைக் கூட்டிக்கொண்டு
ராத்திரியில் விரகனூர் வந்தது.
முழங்காலுக்கு மேல் நனைந்தபடி ஒச்சுக்காளை போன் செய்தார்.
என் திரையில் நீர்மட்டம் பூஜ்ஜியம்.
பேட்டரி மட்டும்
ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்திரண்டு என்று
ஏறிக்கொண்டிருந்தது,
நடுச்சாமத்தில்,
சோலார் தகடு இருட்டைப் பார்த்துப் படுத்திருக்க.

அனுப்பானடியில், ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
கர்னல் பக்கம் ரஹ்மத் நிஷாவுடையது.
சி நூலகப் பக்கம் என்னுடையது.
நடுவில் ஒரு ஹெடர்:
எதற்கு எத்தனை பைட், எதன் பின்னால் எது.

"நேரத்துக்கு நாலு பைட் பத்தாது,
முப்பத்தெட்டில் நிரம்பிரும்.
ஆவணியிலேயே எட்டாக்கிட்டேன். சொன்னேனே."
"எங்கே சொன்னாய்?"
"ஹெடரில்."

அவள் ஹெடரை நான் படிப்பதில்லை.
அப்படியே சேர்த்தால்
என்னிடம் ஏற்கெனவே இருக்கும் பெயர்களோடு முட்டிக்கொண்டு
கம்பைலர் நூற்றுநாற்பது பிழை கக்கும்.
அதனால் தேவைப்பட்ட ஏழு வரியை மட்டும்
கையால் பார்த்து எழுதிக்கொண்டேன்.
மேலே ஒரு குறிப்பும் போட்டேன்:
கர்னலோடு ஒத்திருக்க வேண்டும்.
யாரிடம் சொன்னேன் அதை?

அவள் பதினாறு வைத்தாள்.
நான் பன்னிரண்டு கேட்டேன்.
கேட்டதைக் குறையாமல் கொடுத்தது கர்னல்.
நேரத்தின் முன்பாதியை நேரம் என்று படித்தேன்.
பின்பாதியை,
இன்னும் எண்பது வருஷத்துக்கு
வெறும் சுழியாகவே இருக்கப்போகிற அந்தப் பாதியை,
ஆறு என்று படித்தேன்.
ஆற்றைப் பேட்டரி என்று.
பேட்டரி என்னிடம் வந்து சேரவேயில்லை.
இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

"மூலவர் உள்ளே இருக்கார், உற்சவர் வெளியே வர்றார்,
அது மாதிரி நாமும்..." என்று தொடங்கினேன்.
"உவமை வேண்டாம்" என்றாள்.
"எந்த வரி வெளியே போகும், எது போகாது,
அதைச் சொல்."

விடியும்வரை பிரித்தோம்.
பூட்டுகள், வரிசைகள்,
அவள் வெட்கப்படும் இரண்டு குறுக்குவழிகள்
உள்ளேயே நின்றன.
வெளியே ஒரே கோப்பு; அவளிடமிருந்து மட்டும் வரும்.
என் ஏழு வரியை அழித்தேன்.
குறிப்பையும்.

பழைய அமைப்பை அழிக்கப்போனேன், கையைத் தட்டிவிட்டாள்.
மானாமதுரையில் மூன்று கருவி அதில்தான் ஓடுகின்றன.
"அதுகளுக்குப் பன்னிரண்டுன்னு சொல்லியாச்சு.
சொன்னது சொன்னதுதான்."
பதினாறுக்குப் புது எண் கொடுத்தாள்.
ஆவணியில் செய்யாததை
அப்போதுதான் செய்கிறோம் என்று
இருவருக்கும் தெரிந்திருந்தது. பேசவில்லை.
கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் ஏறியது.

வைகாசி இரண்டாம் வாரம்.
நேரம் சரி.
பேட்டரி எண்பத்தொன்று.
நீர்மட்டம் பூஜ்ஜியம்.

வயிற்றில் ஏதோ புரள, ஒச்சுக்காளைக்குப் போன் போட்டேன்.
மதகின் மேலிருந்து எட்டிப் பார்க்கிறார் போல,
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.

"ஆமா சார்" என்றார்.
"இது நெசமான பூஜ்ஜியம்."